படிக்கட்டில் காத்திருந்த நான்கு பேர்

சிவகாசியில் ஒரு காம்பவுண்டின் மாடிப்படியில், ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் காலையில், கேடயம் வைத்திருந்த ஒருவரும் வில் வைத்திருந்த ஒருத்தியும் உள்ளங்கையில் தீ வைத்திருந்த ஒருவரும் இடுப்பின் இரண்டு பக்கமும் கத்தி செருகியிருந்த ஒருத்தியும் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள் என்றால், அந்தக் காம்பவுண்டுக்காரர்களுக்கு அதில் முதலில் பட்ட சங்கடம், தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏற வழியில்லை என்பதுதான்.

காம்பவுண்டு வாசலில் இட்லிக்கடை போட்டிருந்த சண்முகக்கனி அக்கா இடுப்புக் குடத்தோடு நின்று, "கொஞ்சம் ஓரமா ஒதுங்கி உக்காந்தா நல்லாருக்கும்" என்றாள். நால்வரும் சுவரோரமாக நகர்ந்தார்கள். கேடயக்காரர் "நன்றி" என்றார். மரியாதை தெரிந்த மனிதர்கள் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். அவள் முடிவு செய்துவிட்டால் அந்தப் பதினோரு வீட்டுக்கும் அதுதான் முடிவு. யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டதற்கு வில்லுக்காரி, படிக்கு நேர் எதிரே கீழே இருந்த ஒற்றை அறை வீட்டின் கதவைப் பார்த்தாள்.

"ஏ தங்கபுஷ்பம், உன்னத் தேடி ஆளு வந்திருக்காக."

தங்கபுஷ்பம் கதவை ஒரு சாண் திறந்தாள். எட்டுக் கால்கள் தெரிந்தன. சூரியன் பொறித்த, அடிபட்டு நெளிந்த கேடயத்தின் கீழ் விளிம்பு தெரிந்தது. அதற்கு மேல் பார்வையைத் தூக்க அவளால் முடியவில்லை. இவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம்தான் இவர்களைக் காக்க வைத்துவிட்டு, கைப்பேசியை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடியிருந்தாள்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. அம்மா போனபிறகு தனிக்கட்டை. தினசரி காலண்டர் அடிக்கிற அச்சகம் ஒன்றில் பதினாறு வருஷமாகப் பிழை திருத்துகிறாள்; தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம் என்று ஒரு சின்னத் தாளுக்குள் அடைத்து வைத்திருக்கிற அத்தனையும் அவள் கண்ணைத் தாண்டித்தான் ஊருக்குப் போகும். இந்த வருஷம் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த வருஷத்தைத் திருத்த வேண்டிய வேலை அது. அங்கே பத்து வருஷம் இருந்தவர்கள், இன்றைக்கு என்ன தேதி என்று யாராவது கேட்டால் ஒரு நிமிஷம் யோசித்துத்தான் சொல்வார்கள். தங்கபுஷ்பம் அப்படி யோசித்ததே இல்லை. பதினாறு வருஷத்தில் ஒரு தேதியைக்கூட அவள் தவற விட்டதில்லை என்பதை மேற்பார்வை பார்க்கிற ராஜாமணி அண்ணாச்சி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அவள் பயந்த பெண் என்று சொல்ல முடியாது. தனியாகச் செய்கிற எதற்கும் அவள் பயந்ததில்லை. நாலு பேரோடு சேர்ந்து செய்கிற காரியம் என்றால்தான் ஒதுங்கிக்கொள்வாள். ஏழாம் வகுப்பு ஆண்டு விழாவில் எட்டுப் பெண்கள் கோலாட்டம் ஆடினார்கள். அவள் ஒரு தட்டுத் தவறவிட்டாள். கோலாட்டத்தில் ஒருத்தி தவறினால் அடுத்தவள் கோல் காற்றில் போகும், அதற்கடுத்தவள் திகைப்பாள், ஒரு சுற்றுக்குள் வட்டமே கலைந்துவிடும். அப்படித்தான் கலைந்தது. டீச்சர் மேடைக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, "ஒரு கழுதையால எட்டுப் பேரு ஆட்டமும் நாசமாப் போச்சு" என்றாள். அந்த டீச்சருக்கு அது மறுநாளே மறந்திருக்கும். தங்கபுஷ்பம் அதன்பிறகு கும்மிக்குப் போகவில்லை, வருஷா வருஷம் அச்சகத்துப் பெண்கள் வேன் பிடித்துக் குற்றாலம் போகும்போது அவளுக்கு மட்டும் காய்ச்சல் வந்தது.

அப்படிப்பட்டவளுக்கு 'ஏழு வாசல்' என்ற விளையாட்டைக் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தது, பக்கத்து மேசையில் உட்கார்ந்து படம் ஒட்டுகிற பெண். உலகம் முழுக்க யார் யாரோ அதற்குள் உலவுகிறார்கள். காடு, ஏரி, மலை எல்லாம் உண்டு. தங்கபுஷ்பம் 'வேப்பிலை' என்று பேர் வைத்துக்கொண்டு மருத்துவச்சியானாள். இரண்டு வருஷமாக மூலிகை பறித்தாள், மீன் பிடித்தாள், காலொடிந்த மானுக்குக் கட்டுப் போட்டாள், ஆறு வாசலைத் தனியாகவே தாண்டினாள். ஏழாவது வாசலில் வந்து நின்றுவிட்டாள். அதற்குள் ஐந்து பேர் சேர்ந்துதான் போக முடியும். உள்ளே ஒரு பூதம் இருக்கிறது, மற்ற நாலு பேர் அதோடு மோதுவார்கள், மருத்துவச்சி அவர்கள் நாலு பேர் உயிரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவச்சி ஒரு தட்டுத் தவறவிட்டால் நாலு பேரும் சாவார்கள் என்பது அவள் கணக்கு.

அந்த வாசல் மைதானத்தில் அவள் மாதக்கணக்காக ஓரமாக நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாள். ஏழாம் வாசலை ஒருமுறைகூடத் தாண்டாதவர்களுக்குத் தலையில் ஒரு பச்சைத் தளிர் முளைத்திருக்கும். அது அந்த உலகத்தின் விதி. தளிர்க்காரன் ஒருவன் உள்ளே போய்ச் சொதப்பிவிட்டு வர, கூடப் போனவர்கள் அவனை எழுத்தாலேயே கிழித்துத் தொங்கவிட்டதை அவள் பார்த்தாள். தூங்குறியா, வெளியே போ, எவன்டா இவனைச் சேர்த்தது. ஒரு தடவைதான் பார்த்தாள். அதே மைதானத்தில் நூறு தடவை யாரும் யாரையும் திட்டாமல் சிரித்துக்கொண்டு வெளியே வந்ததையும் பார்த்திருக்கிறாள். ஆனால் மனசு எதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது நம் கையில் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் என்ன தோன்றியதோ, கூட்டாளி தேடும் பொத்தானை அழுத்திவிட்டாள். உடனே நாலு பேர் கிடைத்துவிட்டார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கும் சோம்பேறிகளுக்கும் என்று அந்த விளையாட்டில் சில வாசகங்கள் தயாராக இருக்கும், தொட்டால் போதும்: வணக்கம், தயார், பொறு, உதவி, பின்வாங்கு, நன்றி. திரையில் 'தயாரா?' என்று வந்தது. நாலு பேர் வரிசையாக 'தயார்' என்றார்கள். ஐந்தாவதாக அவள் விரல் 'பொறு'வைத் தொட்டது. கைப்பேசி அரிசிக்குள் போனது.

பொறு என்று சொன்னால் பொறுப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறுநாள் காலையில் தெரிந்துகொண்டாள். குளித்து, சேலை மாற்றி, சாப்பாட்டு வாளியோடு தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தவளிடம் கேடயக்காரர் எழுந்து நின்று "தயார்?" என்று கேட்டார். "பொறுங்க, இன்னைக்கு வடக்கே சூலம்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அச்சகத்துக்கு ஓடினாள்.

காம்பவுண்டு அவர்களைத் தன்னுடையவர்கள் ஆக்கிக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது. தீக்காரர் விஷயத்தில்தான் கொஞ்சம் பேச்சு வந்தது. பதினோரு வீட்டில் ஏழு வீட்டுக்காரர்கள் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள், உடம்பில் மருந்துத் தூளோடு திரும்பி வருகிறவர்கள், வாசலில் ஒருவர் உள்ளங்கையில் தீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். அவரைப் போகச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் ஒரு வாளித் தண்ணீரில் கையை அமிழ்த்தி வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. அவரும் "நன்றி" என்று அமிழ்த்திக்கொண்டார். தண்ணீரில் தீ அணையவில்லை, தண்ணீர்தான் எந்நேரமும் இதமாகக் காய்ந்திருந்தது. அதற்கப்புறம் காம்பவுண்டில் கைப்பிள்ளைகளுக்கு வெந்நீர் போட யாரும் அடுப்புப் பற்ற வைக்கவில்லை.

கத்திக்காரி சண்முகக்கனி அக்காவின் கடைக்கு வெங்காயம் அரிந்து கொடுத்தாள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அரிந்ததால் ஒரு கூடை வெங்காயம் அக்கா மூக்கைத் துடைப்பதற்குள் முடிந்துவிடும். வில்லுக்காரி முருங்கைக்காய் பறித்தாள். குறி பிசகாமல் அம்பு விட்டுக் கிளை ஒடியாமல் காயை மட்டும் இறக்குவாள். கேடயத்தைக் குப்புறப் போட்டு அதன்மேல் வற்றல் காயவைத்தார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் ஊர் பேர் கேட்க, அவர்கள் "வணக்கம்" என்றும் "பொறு" என்றும் சொல்ல, "ஆயுதமெல்லாம் வெச்சிருக்காகளேம்மா" என்று அவர் அக்காவைப் பார்த்தார். "எங்க வீட்லயும் அருவாமனை இருக்கு சார்" என்றாள் அக்கா. அவர் இரண்டு இட்லி சாப்பிட்டு, விருந்தாளிகள் என்று குறிப்பு எழுதிக்கொண்டு போனார். அக்கா தினமும் காலையில் துளசிக்குத் தண்ணீர் விடும்போது மறக்காமல் நாலு பேர் தலையிலும் ஒரு கை தெளித்துவிட்டுப் போவாள். எதற்கு என்று தங்கபுஷ்பம் கேட்டதில்லை. அவள் அந்தப் பக்கமே பார்ப்பதில்லையே.

தினமும் காலையில் கேடயக்காரர் எழுந்து நின்று "தயார்?" என்று கேட்டார். தினமும் அவள் தரையைப் பார்த்து ஒரு காரணம் சொன்னாள். காரணத்துக்கு அவளுக்கா பஞ்சம்? ராகு காலம், எமகண்டம், குளிகை, அஷ்டமி, நவமி, கரிநாள், வேப்பிலைக்குச் சந்திராஷ்டமம். இதெல்லாம் இல்லாத ஒரு நாள் வந்தபோது, ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது என்றாள். அவர்கள் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. "நன்றி" என்று உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் சும்மா இருந்தாள் என்று நினைக்க வேண்டாம். சாயங்காலம் வந்ததும் கதவைத் தாழ்போட்டு, கைப்பேசியை அரிசிக்குள்ளிருந்து எடுத்து, ஏழாம் வாசலுக்குள் போய் வந்தவர்கள் போட்டிருந்த படங்களை எல்லாம் பார்த்தாள். பூதம் எந்தக் கையை எப்போது ஓங்கும், எத்தனை எண்ணுவதற்குள் மருந்து தர வேண்டும் என்று பழைய பிழைதிருத்தத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி எழுதி மனப்பாடம் செய்தாள். போய் வந்த பலரைவிட அவளுக்கு அந்த வாசல் நன்றாகத் தெரியும். அப்படியும் காலையில் அந்த எட்டுக் கால்களைப் பார்த்ததும், நெளிந்த அந்தக் கேடயத்தைப் பார்த்ததும், எத்தனை போர் பார்த்த கேடயமோ, இவர்களுக்கு நடுவில் நான் போய் நின்று கெடுக்கவா என்று மறுபடி ஒரு காரணத்தைத் தேடுவாள்.

காம்பவுண்டுக்காரர்கள் முதலில், "பாவம், எத்தன நாளைக்குத்தான் காத்திருப்பாக, போய்த் தொலச்சிட்டுத்தான் வாயேன்" என்று அவளிடம் சொன்னார்கள். பிறகு வெங்காயமும் வெந்நீரும் பழகிப்போயிற்று. "அவசரமா என்ன? உனக்கு எப்பத் தோணுதோ அப்பப் போ தாயி" என்று தேற்ற ஆரம்பித்தார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அவளும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆவணி பிறந்தது. பிள்ளையார் சதுர்த்தி வந்தது. காம்பவுண்டுப் பிள்ளையாருக்கு வில்லுக்காரி தோரணம் கட்டினாள், மூன்றாம் நாள் கேடயத்தில் வைத்தே தூக்கிக்கொண்டு போய்க் கரைத்துவிட்டு வந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில், மாடி வீட்டுப் பெண் கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்து, "தண்ணி ஆறிக் கெடக்கே" என்றாள். தீக்காரர் கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் கடுகளவு தீதான் இருந்தது. கேடயக்காரர் எழுந்து நிற்கப் படியைப் பிடித்துக்கொண்டார், "தயார்?" என்று கேட்டது பக்கத்தில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

தங்கபுஷ்பம் அந்த ஆறிய தண்ணீரை நினைத்தபடியே வேலைக்குப் போனாள். அன்றைக்கு அச்சகத்தில் அடுத்த வருஷத்துச் செப்டம்பர் மேசையில் இருந்தது. பிள்ளையார் படம் போட்ட பதின்மூன்றாம் தேதித் தாளைத் திருப்பினாள். பதினான்கு, வெள்ளிக்கிழமை, வளர்பிறைப் பஞ்சமி, நல்ல நேரம் காலை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால். பழுது சொல்ல ஒன்றும் இல்லாத நாள். சாயங்காலம் காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் நேரே படிக்கு முன்னால் போய் நின்றாள்.

"பதினாலாந்தேதி காலைல ஒம்போதே காலுக்கு நம்ம போறோம். இனிமே தள்ளிப் போட மாட்டேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

நாலு பேரும் எழுந்தார்கள். தயார், தயார், தயார், தயார் என்று நாலு குரல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. வாளித் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அன்று சாயங்காலம் காம்பவுண்டில் ஒரே கொண்டாட்டம். அக்கா கடையில் எல்லோருக்கும் கேசரி கிண்டினாள், வெங்காயத்துக்கு இனி என்ன செய்யப்போகிறோம் என்ற கவலையோடுதான் கிண்டினாள்.

ராஜாமணி அண்ணாச்சியிடம் அவள் வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டாள். "வெள்ளிக்கிழமைதான? எடுத்துக்கத்தா. நீ லீவு கேட்டு நான் பாத்ததே இல்ல" என்றார்.

வியாழக்கிழமை காலையில் அவள் வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தபோது, அந்தக் கால்கள் எட்டும் கழுவித் துடைத்திருந்தன. கேடயம் புளி போட்டுத் தேய்த்தது போலப் பளபளத்தது. நாளைக்கான ஏற்பாட்டை இன்றே செய்கிறார்கள் என்று நினைத்தாள், அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. கேடயக்காரர் இதுவரை இல்லாத சத்தத்தில் "தயார்?" என்றார். "பொறுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் அச்சகத்திலிருந்து நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போய், கை நடுங்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, அக்கா கடையை மூடியபிறகு திரும்பினாள். கரண்ட் இல்லை. படிக்கட்டு இருட்டாகக் கிடந்தது. தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காலி படிக்கட்டை ஓசைப்படாமல் கடந்து வீட்டுக்குள் போனாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குத் தலைகுளித்து, நெற்றியில் திருநீறு பூசி, கைப்பேசியைக் கையில் பிடித்துக் கதவைத் திறந்தாள். எண்பது நாளில் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். படியில் யாரும் இல்லை.

சண்முகக்கனி அக்கா கடையில் உட்கார்ந்து தானே வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, அவுக எங்க?"

"நேத்தே போயிட்டாகளே. நீ சொன்ன நாளு நேத்துத்தான?"

"வெள்ளிக்கிழமைதானக்கா பதினாலு."

அக்கா கத்தியை வைத்துவிட்டு, கடைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டினாள். வெள்ளிக்கிழமை என்றுதான் போட்டிருந்தது. தேதி பதினைந்து. "உங்க பிரஸ்ல அடிச்சதுதான் தாயி" என்றாள்.

அக்கா சொன்னாள்: நேற்று நீ போனதும் அவர்கள் உட்காரவில்லை. ஒன்பதே காலுக்கு நாலு பேரும் உன் கதவுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். பூட்டியிருக்கிறதே என்று நான் சொன்னேன், கேட்கவில்லை. கேடயக்காரர் நாலைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பூட்டைப் பார்த்துத் தயாரா தயாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சரியாகப் பத்தே காலுக்கு நிறுத்தினார். பிறகு ஒவ்வொருவராக வந்து எனக்கு நன்றி சொன்னார்கள், பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், உன் கதவுக்கும் சொன்னார்கள். நம் ஆட்கள் எல்லோரும் ஆலைக்குப் போயிருந்த நேரம். நான் ஒருத்தி என்ன சொல்லித் தடுப்பேன்? உனக்கு போன் பண்ணலாமென்றால் நீ அதைப் பகலெல்லாம் அரிசியில் போட்டு வைத்திருக்கிறாய்.

"போறப்ப இதக் குடுத்துட்டுப் போனாக" என்று உள்ளேயிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து வந்தாள். தண்ணீரில் நாலு பச்சைத் தளிர்கள் கிடந்தன. "தலைல இருந்துச்சுல்ல, அது. பறிச்சு வெச்சுட்டாக."

"தலைலயா?"

"வந்த நாள்லேருந்து இருந்துச்சே. நாலு பேருக்குந்தான். வாடிப் போகக் கூடாதுன்னு நாந்தான தெனமும் தண்ணி தெளிச்சேன். நீ பாத்ததே இல்லையா?"

தங்கபுஷ்பம் படியில் உட்கார்ந்துவிட்டாள். கேடயம் எங்கேயோ பழசாக வாங்கிய கேடயம். அந்த நாலு பேரும் ஏழாம் வாசலை ஒருநாளும் பார்த்தவர்கள் இல்லை. ஒருவர் கண்ணுக்கு மற்றவர் பெரிய ஆள், எல்லோர் கண்ணுக்கும் மருத்துவச்சி பெரிய ஆள். இத்தனை நாள் இழுத்தடிக்கிற மருத்துவச்சி நம்மைப் பார்த்து யோசிக்கிறாள், நாம் போதாது என்று நினைக்கிறாள் என்றுதான் அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். அதனால்தான் முகம் சுளிக்கவில்லை.

அதைவிட இன்னொன்று அவளைக் குத்தியது. பதினாறு வருஷத்தில் ஒரு தேதியைக்கூடத் தவற விடாதவள், வருஷம் மாறினால் கிழமை மாறும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவள், பிள்ளையார் படம் போட்ட தாளைத் தன் கையாலேயே திருப்பிவிட்டு அடுத்த நாளைக் குறித்திருக்கிறாள். அப்போது காம்பவுண்டுப் பிள்ளையாரைக் கரைத்துப் பத்து நாள் ஆகியிருந்தது, அந்தக் கொழுக்கட்டையை அவளும் தின்றிருந்தாள். வாய்தவறி, கைதவறி, கண்தவறி என்று ஊருக்கு ஆயிரம் சொல்லலாம். தனக்குத் தானே சொல்லிக்கொள்ள அவளால் முடியவில்லை. அது பிழை இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ரொம்ப நேரம் அழுதாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு தங்கபுஷ்பம் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியில் ஏழு வாசலைத் திறந்தாள். அந்த நால்வரின் பேர்களும் பட்டியலில் சாம்பல் நிறத்தில் இருந்தன. கடைசியாக வந்தது செப்டம்பர் பதினான்கு என்றிருந்தது. இனி அவர்கள் வரப்போவதில்லை என்பது அந்த நிறத்திலேயே தெரிந்தது. கூட்டாளி தேடும் பொத்தானை அழுத்தினாள். வேறு நாலு பேர் வந்தார்கள். தயாரா என்று கேட்டது. வாசகப் பட்டியலைத் திறந்தவள் விரல் வழுக்கியதில் பட்டியல் கொஞ்சம் மேலே நகர்ந்தது. ஆறுக்குக் கீழே ஏழாவதாக ஒன்று இருந்தது. இரண்டு வருஷத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை.

'எனக்கு இது முதல் முறை.'

அதைத் தொட்டாள். பிறகு யாரோ பரவாயில்லை என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு, அவள் அனுப்பிய அதே வாசகம் இன்னொருவரிடமிருந்து வந்தது, அப்புறம் மூன்றாமவரிடமிருந்தும் வந்தது. உள்ளே போனார்கள். பூதம் கையை ஓங்கியபோது மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோய் வில்லுக்காரனைச் சாகவிட்டாள். அவன் எழுந்து வந்து நன்றி என்றான். மொத்தம் பதினோரு நிமிஷத்தில் பூதம் விழுந்தது. வெளியே வந்தபோது வேப்பிலையின் தலையில் தளிர் இல்லை. இவ்வளவுதானா என்று அவள் அக்காவிடம் கேட்டாள், இவ்வளவுதானாக்கா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எதைக் கேட்கிறாள் என்று அக்காவுக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம், வரப்போகிற வருஷத்தின் செப்டம்பர் மாதத்துத் தாள்கள் கடைசிப் பார்வைக்காக மறுபடி அவள் மேசைக்கு வந்தன. ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு பொன்மொழி இருக்கும். பதினான்காம் தேதித் தாளின் அடியில் உழைப்பைப் பற்றி ஏதோ இருந்தது. அதை அடித்துவிட்டு வேறொன்று எழுதினாள். அவள் கையெழுத்தைப் பார்த்த ராஜாமணி அண்ணாச்சி படித்துப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பினார். அது எத்தனையோ லட்சம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் போயிற்று.

அந்த ஒரு வருஷத்தில் அவள் ஏழாம் வாசலுக்குள் முந்நூறு தடவைக்கு மேல் போய்வந்தாள். தளிர் வைத்தவர்களாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டு போனாள், யாரையும் காக்க வைக்கவில்லை. குற்றாலத்துக்கு வேனில் போய் அருவியில் நின்றாள். காம்பவுண்டில் மறுபடி அடுப்பில் வெந்நீர் போட்டார்கள். டம்ளரில் இருந்த தளிர்களைத் துளசிக்குப் பக்கத்தில் நட்டாள். அவை வேர் விடவில்லை.

பிறகு, அவள் குறித்துக் கொடுத்த அந்தப் பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. அவள் லீவு போட்டுவிட்டு, ஒன்பது மணிக்கே வந்து மாடிப்படியில் சுவரோரமாக ஒதுங்கி, நாலு பேருக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். வாசலைப் பார்த்தபடியே இருந்தாள். ஒன்பதே கால் ஆயிற்று. பத்து ஆயிற்று. கீரை விற்கிறவள் வந்தாள், கேஸ் சிலிண்டர் வந்தது. பத்தே காலும் ஆயிற்று.

கடையில் கூட்டம் குறைந்தபிறகுதான் சண்முகக்கனி அக்காவுக்குக் காலண்டர் ஞாபகம் வந்தது. பிள்ளையார் தாளைக் கிழிக்க மனமில்லாமல் மடித்து மேலே செருகிவிட்டு, அன்றைய தாளை எட்டிப் பார்த்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"எனக்கு இது முதல் முறை." படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். "என்ன புள்ள இது, பொன்மொழியா? யாருக்கு முதல் முறை?"

தங்கபுஷ்பம், பக்கத்தில் நாலு பேருக்கு விட்டு வைத்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

"அஞ்சு பேருக்குமேக்கா" என்றாள்.